பழசு முன்னே, புதுசு பின்னே

2020 மார்ச்சில், ஊரடங்கு வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் பேச்சு அடிபட ஆரம்பித்த வாரம், ஊரோடு சேர்ந்து நானும் கடைக்கு ஓடினேன். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். வாங்கி வந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அரிசிச் சிப்பம் இரண்டு, துவரம்பருப்பு 5 கிலோ, ரவை 4 கிலோ, உளுந்து 3, கேழ்வரகு 5, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை ஆளுக்கு இரண்டு, போகிற போக்கில் கம்பு மாவு 2 கிலோ. ஆட்டோவிலிருந்து இறக்கி மூன்றாவது மாடிக்கு ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது.

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்து பட்டியலைப் பெருமையாக வாசித்தேன். அப்பா டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 35 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர்.

"ஏண்டா, கடை போடப்போறியா?" என்றார். பிறகு, "கம்பு மாவாவா வாங்கினே? தானியமா வாங்கலியா?"

"மாவுதான்ப்பா. அரைக்கிற வேலை மிச்சம்."

"சரி. நாளையிலேருந்து மூணு வேளையும் கம்புக்கூழ் குடிங்க."

கிண்டல் என்று நினைத்தேன். இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. கூழை வாயில் வைத்தால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. பழைய எண்ணெய்ச் சட்டியை முகர்ந்த மாதிரி வாடை. பூச்சி இல்லை, புழு இல்லை, பாக்கெட்டில் இன்னும் இரண்டு மாதம் கெடு இருந்தது. மாவு காறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு கொழுப்பு உண்டு. தீட்டின பச்சரிசியில் ஒரு பங்குகூட இருக்காது. கம்பு முழு மணியாக இருக்கும்வரை அந்த எண்ணெய் ஒரு பக்கம், அதை உடைக்கிற நொதி ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. மில்லில் கொடுத்து அரைத்த நிமிடம் இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மணியாக மாதக்கணக்கில் நிற்கிற கம்பு, மாவானதும் ஒரு வாரம் பத்து நாளில் கசக்கிறது. தவிடு நீக்காத அரிசி, தீட்டின அரிசியைவிடச் சீக்கிரம் வாடை பிடிப்பதும் இதே காரணத்தால்தான். சத்து வேண்டும் என்று கைக்குத்தல் அரிசி வாங்குபவர்கள் சிப்பமாக வாங்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.

அந்த வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு, எந்தச் சாமான் எந்த வரிசையில் கெடுகிறது என்பதுதான். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதின மாதிரி.

இரண்டாவதாகப் போனது ரவை. ஜூன் மாதம் டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டால், ரவை தனித்தனியாக வராமல் கொத்தாக, ஒட்டடையில் கோத்தது போல் தொங்கிக்கொண்டு வந்தது. வீடுகளில் "ரவை கூடு கட்டிடுச்சு" என்போமே, அதுதான். அந்துப்பூச்சியின் புழு ஊர்ந்து போகிற இடமெல்லாம் மெல்லிய பட்டு நூல் விட்டுக்கொண்டே போகும். அந்த நூலில் ரவை ஒட்டிக்கொள்ளும். முட்டை பெரும்பாலும் மில்லிலோ கடையிலோ ரவையோடு சேர்ந்து வந்ததாகவே இருக்கும், நம் வீட்டில் வந்து குடியேறியதாக இருக்காது. அதனால் டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பிரயோஜனம் இல்லை. திருடனை உள்ளே வைத்துப் பூட்டுகிற கதை.

"வாங்கின அன்னைக்கே வறுத்து வைக்கலாம்னு சொன்னேன். நீங்கதான் அப்புறம் பாத்துக்கலாம்னீங்க" என்றாள் என் மனைவி. சொன்னது உண்மை. வாசம் வரும்வரை வறுத்தால் முட்டை, புழு எல்லாம் போய்விடும். கூடவே ரவையில் இருக்கிற ஈரமும் போகும். ஆனால் சூடு முழுக்க ஆறின பிறகுதான் மூட வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் மூடியின் அடியில் வேர்த்து, சொட்டி, பூசணம் பிடிக்கும். வறுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஃப்ரீசர் இருக்கிறது. ரவை, மைதா, கோதுமை மாவு எதுவானாலும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டைகூட மிஞ்சாது. வெளியே எடுத்ததும் உடனே பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த மாவில் சென்னைக் காற்று பட்டால் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். பாக்கெட் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

பச்சைப்பயறு விஷயம்தான் என்னை உண்மையிலேயே உட்கார வைத்துவிட்டது. ஜூலையில் ஒரு நாள் பயறைக் கழுவப் போட்டால் பாதி மிதந்தது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியதைவிடக் கொஞ்சம் பெரிய, அச்சு எடுத்த மாதிரி வட்டமான ஓட்டை. மிதக்காததைக் கையில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். பச்சைத் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை.

அந்தப் பொட்டுதான் பயறு வண்டின் முட்டை. எனக்கு வேறு வேலையும் இல்லை. பொட்டு வைத்த பயறாகப் பார்த்து நூறு எண்ணி, கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் போட்டு, வாயில் துணி கட்டி, மேஜையில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சில பயறுகளில் தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு நிழல் தெரிந்தது. முட்டையிலிருந்து வந்த புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வருவதற்காகத் தோலை மட்டும் மிச்சம் விட்டு உள்ளிருந்து வட்டம் வெட்டி வைத்திருக்கிறது. ஒரு நாள் காலை காபியோடு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜன்னல் திறந்தது. மூடியைத் தள்ளுவது போல் தோல் வட்டம் மேலே எழும்பியது. பழுப்பு நிறத்தில் ஒரு தலை, பிறகு கால்கள், பிறகு முதுகு. முழுதாக வெளியே வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வந்ததும் ஓடத் தொடங்கிவிட்டது.

வெளியே வந்த வண்டுக்குப் பயறு தின்னும் பழக்கமே கிடையாது. வாழ்கிற பத்துச் சொச்சம் நாளில் அது சேர்வதும் முட்டை இடுவதும்தான். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து வண்டுவரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆக, இந்த மாதம் நாலு வண்டு பார்த்தீர்கள் என்றால் அடுத்த மாதம் டப்பாவே நடமாடும். இந்த வண்டு வயலிலேயே காயில் முட்டை இட்டுவிடும் என்பது இன்னொரு தொல்லை. விதை காய்ந்து மூட்டைக்குள் போகும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். "முழுசா இருந்தா வண்டுக்கு. உடைச்சுட்டா நமக்கு" என்றார். முழுப் பயறின் வழவழப்பான தோல்தான் முட்டை ஒட்டுவதற்குத் தோதான இடம். தோல் நீக்கி உடைத்த பருப்பில் அதற்குப் பிடிப்பு குறைவு. தங்கி வளர இடமும் குறைவு. எங்கள் பக்கத்தில் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்து வைப்பார்கள். தோல் சுலபமாகக் கழலும், பூச்சியும் அண்டாது. முழுப் பயறாகவே வைக்க வேண்டும் என்றால், நல்ல வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கிற முட்டை எண்ணெய்ப் படலத்தில் மூச்சு முட்டிப் போகும்.

வசம்பு, காய்ந்த மிளகாய், வேப்பிலை என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வசம்புக்கு உண்மையிலேயே வீரியம் உண்டு. அதனாலேயே நான் அதை அரிசிக்குள் அப்படியே போட மாட்டேன். துணியில் முடிந்து வைத்தால் வாசனை மட்டும் போகும். வேப்பிலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சரியாகக் காயாத இலையைப் போட்டு, உள்ளே ஈரத்தைக் கொண்டுபோய் விட்டதுதான் என் அனுபவம். ஆனால் இவற்றையெல்லாம் விட மோசமானது மூட்டைக்குப் போடுகிற மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருவது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். பூட்டிய கிடங்குக்கு, பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் நெல் மூட்டைக்கு நடுவே வைத்து உயிர் போன வீடுகள் உண்டு. அப்பா கடையில் அந்த டப்பாவைத் தொட வேலையாட்களுக்கு அனுமதி கிடையாது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. துவரம்பருப்பு குக்கரில் வழக்கமாக நாலு விசிலுக்குக் குழைவது, ஆறு விசில் விட்டும் பருப்பு பருப்பாக நின்றது. பாக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'பேக் செய்த நாள்: பிப்ரவரி 2020'. கெடு தாண்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தேதி சொல்வது பையில் அடைத்த நாளை. பருப்பு விளைந்த நாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. துவரை ஆடியில் விதைத்து மார்கழி, தையில் அறுப்பது. அடைத்தது தையில் அறுத்த புதுச் சரக்கா, முந்தின வருடத்து மூட்டையா, மியான்மரிலிருந்தோ மொசாம்பிக்கிலிருந்தோ கப்பலில் வந்து கிடங்கில் கிடந்ததா என்று பையின் மேல் எங்கும் எழுதியிருக்காது. 2020-ல் வந்த லேபிள் விதிகள் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கின. நல்லதுதான். ஆனால் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அது அடைத்தவர் கொடுக்கிற உத்தரவாதம். பருப்பின் வயது அல்ல.

கொண்டைக்கடலை இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 நவராத்திரிக்குச் சுண்டல் செய்யலாம் என்று மிச்சம் இருந்ததை ராத்திரி முழுக்க ஊறவைத்து எட்டு விசில் விட்டோம். நவராத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மரியாதைக்கு மெதுவாக மென்றுகொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் யாரும் சுண்டல் மென்று நான் பார்த்ததில்லை.

கெட்டுப்போகவில்லை, பூச்சி இல்லை, வாடை இல்லை. வேக மட்டும் மாட்டேன் என்கிறது. பயறு வகைகள் சூட்டிலும் ஈரக் காற்றிலும் நாள்பட்டுக் கிடந்தால், உள்ளே கட்டுண்டு இருந்த சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மெல்ல விடுபட்டு, செல்களை ஒட்டவைக்கிற பெக்டினோடு போய்ச் சேர்ந்து இறுகிவிடும். அந்த ஒட்டு பிறகு கொதிநீரில் கரையாது. உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், அதிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் ஓரளவு வழிக்கு வரும். நாங்கள் மீதியை ஊறவைத்து அரைத்து வடையாகத் தட்டிவிட்டோம். அம்மி, கிரைண்டர் முன்னால் பெக்டின் என்ன செய்யும்?

உளுந்துக்கு இந்தத் தொல்லை வேறு மாதிரி வரும். பழைய உளுந்து அரைபடும், ஆனால் காணாது. அதே ஒரு ஆழாக்கு, அதே தண்ணீர், கிரைண்டர் நிறைய நுரைத்து வர வேண்டிய மாவு அடியிலேயே கிடக்கும். மறுநாள் இட்லி தட்டையாக வரும். மாமியார்கள் மருமகள் கையைக் குறை சொன்ன பல காலைகளுக்குக் காரணம் உளுந்தின் வயதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வேர்க்கடலை பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். தோட்டோடு இருந்தால் பல மாதம் தாங்கும். உரித்தது இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். சிக்கு வாடை நாக்குக்குத்தான் கெடுதல். பூசணம் அப்படி இல்லை. எங்கள் டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடிக் கடலையில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை வறுக்கலாமா என்று யோசித்தேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் விட்ட நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய் வரவழைக்கும். சமையல் சூட்டுக்கு அது அசையாது. கடலை, மிளகாய் வற்றல், கொப்பரை, சோளம் நாலிலும் பூசணம் கண்டால் டப்பாவோடு கொட்ட வேண்டியதுதான். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துக் கழுவிச் சாப்பிடலாம், நான் சாப்பிட்டிருக்கிறேன். பூசணத்தோடு பேரம் கிடையாது.

இத்தனைக்கும் நடுவே அரிசி என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? இன்னும் நன்றாக ஆகிக்கொண்டிருந்தது. தை அறுவடையின் புது அரிசி குழையும், கஞ்சி வழியும். பொங்கலுக்குச் சரி, சாம்பார் சாதத்துக்கு ஆகாது. ஆறு மாதம், ஒரு வருடம் கிடந்த அரிசி கூடுதல் தண்ணீர் குடித்து உதிரி உதிரியாக மலர்கிறது. கடையில் பழைய பொன்னிக்கு விலை கூடுதல் என்பது இதற்காகத்தான். அப்பா கடையில் வயதாகிவிட்டது என்று விலை ஏறின ஒரே சரக்கு அதுதான். வயதாக ஆகச் சுவை கூடும் என்று அவர் புளியையும் சேர்ப்பார். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி சிவப்பாக, துள்ளலாக இருக்கும். கொட்டை நீக்கி, காயவைத்து, கல் உப்பு போட்டு ஜாடியில் அடைத்தால் வருடம் தாண்டியும் நிற்கும், கறுத்துக்கொண்டே போகும். வற்றல் குழம்புக்குக் கறுத்த புளிதான் என்பது அம்மாவின் கட்சி.

அரிசிக்கும் வண்டு வரும், மூக்கு நீண்ட கறுப்பு வண்டு. அது முட்டையை மணிக்கு உள்ளேயே துளைத்து வைத்து, மேலே பூசி மூடிவிடுவதால் வெளியே தெரியாது. அரிசியை மொட்டை மாடி வெயிலில் கொட்டினால் வண்டு ஓடும், ஆனால் அரிசியும் கீறல் விட்டு நொய்யாகும். அரிசிக்கு நிழல், பருப்புக்கு வெயில். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த ஒரு குழாய்ப் பொறி இருக்கிறது. பக்கமெல்லாம் பொடி ஓட்டை, அடியில் கூம்பு. அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றோட்டம் தேடி அலைகிற வண்டுகள் ஓட்டைக்குள் நுழைந்து கீழே விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். மருந்தே கிடையாது. முதல் வாரம் எங்கள் பொறியில் பதினேழு விழுந்தன.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, 2022-ல் அப்பா சென்னைக்கு வந்தார். வந்த மறுநாள் காலை சமையலறைக்குள் நின்றுகொண்டு என் மனைவி துவரம்பருப்பு டப்பாவை நிரப்புவதைப் பார்த்தார். அடியில் நாலு விரற்கடை பழைய பருப்பு இருந்தது. அதன் மேலேயே புதுப் பாக்கெட்டைக் கவிழ்த்தாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். மருமகளிடம் அவருக்குக் குரல் உயராது. ஒரு செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். அடியில் கிடந்தது மேலே வந்தது. நிறம் மங்கி, தூசு படிந்து, ஓரத்தில் இரண்டு வண்டு. "இது எப்போ வாங்கினது?" யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. இரண்டு வருடமாக மேலேயே கொட்டி மேலேயே எடுத்து வந்ததில் அடிப் பருப்பை யாரும் தொடவே இல்லை. அங்கேதான் வண்டுக்குப் பரம்பரை வீடு.

கடையில் புது மூட்டை வந்தால் மரத்தொட்டியைக் காலி செய்து, துடைத்து, புதுச் சரக்கைக் கொட்டி, அதற்கு மேல் பழசைப் போட வேண்டும். பழசு முன்னே, புதுசு பின்னே. இதில் சோம்பல் பட்ட பையனுக்கு அன்று டீ கிடையாது. தாத்தா வீட்டுக் குதிரில் இதற்கு ஆளே தேவைப்படவில்லை. மேலே வாய் வழியாக நெல்லைக் கொட்டுவார்கள், அடியில் ஒரு துளை. துணி அடைப்பை எடுத்தால் முதலில் போட்டதுதான் முதலில் வெளியே வரும். அப்பன் ஒளிந்துகொள்கிற அளவு பெரிய குதிர் என்று பழமொழியில் பேசுகிறோமே தவிர, அதன் அடித்துளையை யாரும் பேசவில்லை. இன்றைய பிளாஸ்டிக் டப்பா எவ்வளவு காற்றுப் புகாததாக இருந்தாலும் அதற்கு ஒரே வாய்.

இப்போது எங்கள் டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி மாதம் எழுதியிருக்கிறது. துவரைக்கு மூன்று மாதம், முழுப் பயறுக்கு இரண்டு, மாவுக்கு ஒன்று என்று நாங்களே போட்டுக்கொண்ட கணக்கு. அதற்கு மேல் தேவைப்படுகிற அளவு வாங்குவதே இல்லை.

கேழ்வரகைச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்களும் அதை மறந்துதான் போயிருந்தோம். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, 2020-ல் வாங்கின ஐந்து கிலோவும் பிஸ்கட் தகரத்துக்குள் கட்டியபடியே கிடந்தது. பிரித்தேன். ஒரு வண்டு இல்லை, ஒரு நூல் இல்லை. அந்தச் சின்ன மணிக்குள் புகுந்து வளர எந்த வண்டுக்கும் இடம் பத்தாது. பஞ்ச காலத்துக்கென்று குழிவெட்டிப் போட்டு வைத்த தானியம் இது.

அப்பா வந்திருந்தார். கடையில் எந்தச் சரக்கு வந்தாலும் நாலு மணியை வாயில் போட்டு முன்பல்லால் கடிப்பார். கடுக்கென்று இரண்டாக உடைந்தால் மூட்டையை இறக்கச் சொல்வார். பல் பதிந்து நசுங்கினால் ஈரம், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். தகரத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பழக்கத்தில் கை வாய்வரை போனது. பல் செட்டை அன்று காலை கழற்றி வைத்திருந்தார்.

கையை என் பக்கம் நீட்டி, "நீ கடிடா" என்றார்.

கடித்தேன்.

"சத்தம் கேக்குது" என்றார். "சலிச்சு வை. மில்லுக்கு நானும் வரேன். ஒரு கிலோ மட்டும் அரைச்சாப் போதும்."